இரண்டாவது ஷாஃப்ட்

ஜூன் 9, திங்கள்

வகுப்பில் இன்று, வீட்டில் பெரியவர்கள் செய்யும் வேலையைப் பற்றி ஆளாளுக்குக் கொஞ்சம் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, "என் அப்பா பழைய பில்லியர்ட்ஸ் கியூக்களை வாங்கி, சரிபார்த்து, இணையத்தில் விற்கிறார்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "குச்சி வியாபாரமா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தை அடிக்கிற கோல்தான் கியூ. கிளப்பில் சுவரோரம் சாய்ந்து கிடக்கிற பொதுக் கியூ வேறு. அப்பா கையாள்வது, ஒரே ஒரு ஆளுக்காக, அவருடைய கையும் உயரமும் பார்த்துத் தனியாகச் செய்யப்பட்டவை. அது இரண்டு துண்டாக இருக்கும். கீழே கனமான பிடி. மேலே மெலிந்துகொண்டே போகிற ஷாஃப்ட். இரண்டையும் மரை வைத்துத் திருகி ஒன்றாக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பிடிக்கு இரண்டு ஷாஃப்ட் செய்து தருவார்கள், ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று. ஒரு கியூவின் ஷாஃப்ட் வேறொரு கியூவில் சரியாக உட்காராது. "ரெண்டையும் பிரிச்சிடாத. பிரிச்சா இதுவும் வீண், அதுவும் வீண்" என்று அப்பா என்னிடம் சொல்லாத வாரம் இல்லை.

இன்றும் கூரியரில் வந்தன. நீள நீளமான அட்டைக் குழாய்கள். கூரியர் அக்கா, "உங்க வீட்டுக்கு மட்டும் எப்பப் பாரு பீரங்கிதான் வருது" என்றபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்பா பிரித்து, முதலில் மோந்து பார்ப்பார். புகை பிடிப்பவர் வைத்திருந்த கியூ என்றால் மூக்கிலேயே தெரிந்துவிடும். பிறகு கண்ணாடி மேசையில் வைத்து உருட்டுவார். நான் முட்டி போட்டு, கண்ணை மேசை விளிம்புக்குக் கொண்டுபோய், கியூவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

"வெளிச்சம்?"

"இல்ல."

"இப்ப?"

"ஒரு நூல் தெரியுது."

ஒரு நூல் தெரிந்தால் அது கோணல். அதை விளம்பரத்தில் எழுத வேண்டும். விளம்பரம் எழுதுவது என் வேலை. படம் எடுப்பது அப்பா. "குறையை முதல்ல எழுது. நல்லதை வாங்கறவனே கண்டுபிடிச்சுக்குவான்" என்பது அப்பாவின் ஒரே இலக்கணம்.

கூடத்துச் சுவரில் கியூ தாங்கி இருக்கிறது. வருவதும் போவதுமாக அதில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். கடைசி இடத்தில் இருப்பது மட்டும் மாறாது. அது அம்மாவுடையது. அப்பாவின் சிநேகிதர் கிளப் மாமா எப்போதாவது அந்தப் பக்கம் கையை நீட்டினால் அப்பா திரும்பாமலேயே, "அது கடை இல்ல" என்பார்.

நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அதன் பிடியில் விரலை வைத்துவிட்டுப் போவேன். கும்பிடுவது போல எல்லாம் இல்லை. சும்மா.

ஜூன் 10, செவ்வாய்

தமிழ் ஆசிரியை என் கட்டுரையில் சிவப்பு மையில் எழுதியது: "நடை நன்று. ஆனால் இயற்கை வர்ணனை விற்பனைக்கு வைத்த பொருளைப் போல் உள்ளது. மலைக்கு ஏன் கீறல்?"

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறுதான் அம்மாவின் நாள். அம்மா இருக்கும் ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். அங்கே பெரிய கண் மருத்துவமனையில் வேலை. முன்பு இங்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே படித்த படிப்புக்கான வேலை கிடைத்தது. நான் ஏழாவது முடித்த கோடையில் போனார். அப்போது 'கொஞ்ச நாள்' என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை.

முதலில் என்னிடம் பேசினார். பள்ளி, காய்ச்சல், செருப்பு சிறிதாகிவிட்டது, என்ன புத்தகம் படிக்கிறாய் — எல்லாம். பிறகு போனை அப்பாவிடம் கொடுத்தேன். அவர்கள் இருவரும் பேசுவது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். வந்தது, போனது, தாமதம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைத்தான் கேட்பேன்.

அப்பா ஒலிபெருக்கியில் வைத்திருந்தார். அம்மா சொன்னது:

"அந்தக் கியூவை வித்துடுங்க."

அப்பாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"இங்க எனக்கு விளையாட எங்க நேரம்? சும்மா சுவத்துல இருந்து என்ன ஆகப்போகுது? யாராவது ஆடறவங்க கைக்குப் போகட்டும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "சரி" என்றார்.

சரியா? என்ன சரி?

ஜூன் 17, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்தபோது கடைசி இடம் காலி. கியூ கண்ணாடி மேசைமேல் கிடந்தது, இரண்டு ஷாஃப்டும் பக்கத்தில். அப்பா மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விளம்பரம் நீயே எழுதிடு."

"நான் எழுதல."

"நீதானே எழுதுவ எப்பவும்."

"இது எப்பவும் மாதிரி இல்ல."

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. "அவசரம் இல்ல. எழுதும்போது எழுது" என்றார்.

சுவரில் அந்தக் கியூ இருக்கிறவரை அம்மா சாமானை வைத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார் என்று அர்த்தம். சாமானை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்கள். அது போய்விட்டால்? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குழந்தை மாதிரி இருக்கும். ஆனால் உண்மை.

ஜூன் 21, சனி

ஒரு வழி கிடைத்துவிட்டது. குறையை முதலில் எழுது என்றுதானே சொல்வார்? எழுதுகிறேன். ஒன்று விடாமல் எழுதுகிறேன். படித்தவர்கள் யாரும் கிட்டே வரக் கூடாது. பொய்யும் சொல்லவில்லை, விற்கவும் விடவில்லை.

எழுதியது இதுதான்:

"இந்தக் கியூவின் குறைகள் வருமாறு. பிடியில் அழகுக்குப் பதித்த நான்கு கருங்காலி மர முனைகளில் ஒன்று மற்ற மூன்றைவிட ஒரு மயிரிழை குட்டை. செய்தவரின் கைப்பிழை. பிடியில் சுற்றிய நூல் ஒரே இடத்தில் கறுத்திருக்கிறது. வைத்திருந்தவர் பிடியை மாற்றவே மாட்டார். கட்டை விரல் படும் இடத்தில் நூல் வழவழவென்று ஆகிவிட்டது. முதல் ஷாஃப்ட் நேர். இரண்டாவது ஷாஃப்டில் ஒரு நூல் வெளிச்சம் தெரியும். மழைக்காலம் முழுக்க ஜன்னலோரம் சாய்த்து வைத்ததால் வந்தது. மறந்து வைத்ததில்லை, மழையைப் பார்த்துக்கொண்டே ஆட அங்கே வசதி என்பதால் வைத்தது. இரண்டிலும் நுனியில் தேய்த்த நீலச் சாக்கின் கறை. அடியில் இருக்கும் ரப்பர், ஆடிய ஆட்டத்துக்குத் தேய வேண்டிய அளவைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. எதிராளி நல்ல அடி அடித்தால் கியூவைத் தரையில் தட்டிப் பாராட்டுவது ஆட்டக்காரர்களின் பழக்கம். இவர் மற்றவர்களைவிட அதிகம் தட்டுவார்."

ஜூன் 22, ஞாயிறு

அப்பா படித்தார். திரும்பவும் படித்தார். "இவ்வளவு குறையா" என்றார். பிறகு, "எல்லாம் உண்மைதான்" என்று சொல்லி, ஒரு சொல்லும் மாற்றாமல் தளத்தில் போட்டார். அந்தத் தளத்தில் அப்பாவின் பெயர் 'நேர்கோடு'. கியூ வாங்குகிற விற்கிற எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள், எல்லாருக்கும் இப்படி ஒரு பெயர்.

ஜூன் 24, செவ்வாய்

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

விளம்பரத்தின் கீழே இதுவரை எங்களுக்கு வராத கூட்டம். "ரப்பர் தேய்ந்த காரணத்தைச் சொல்லும் விற்பனையாளரை இப்போதுதான் பார்க்கிறேன்." "இந்த ஆளிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்." "இந்தக் கியூவோடு ஆடியவரோடு ஒரு ஆட்டம் ஆடத் தோன்றுகிறது."

'இடதுகை' என்று ஒருவர். மற்றவர்கள் மாதிரி வளவளவென்று பேசாமல், பிடியின் எடை, மரையின் அளவு என்று காரியமாகக் கேட்கிறார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறார்.

குறையை எழுதினால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேனே. இத்தனை நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என்னத்தைக் கற்றுக்கொண்டேன்?

ஜூன் 27, வெள்ளி

தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. விளம்பரத்தின் கீழே எல்லாரும் பார்க்க முதலில் யார் 'எடுத்துக்கிறேன்' என்று எழுதுகிறாரோ, பொருள் அவருக்கு. அந்த ஒரு சொல்தான் பேரம், பத்திரம், கைகுலுக்கல் எல்லாம். பிறகு விற்பவரும் பின்வாங்கக் கூடாது, வாங்குபவரும் கூடாது. மீறினால் அந்தப் பெயரை அதற்கப்புறம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்று மாலை இடதுகை எழுதியிருந்தார்: "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காலையில் சொல்கிறேன்."

காலையில்.

அம்மாவின் பழைய போன் என்னிடம் இருக்கிறது, பாடம் பார்ப்பதற்காகக் கொடுத்தது. அதில் புதுக் கணக்கு ஒன்று திறந்தேன். பெயர் கேட்டது. யோசிக்க நேரமில்லை. 'மூலைக்குழி' என்று போட்டேன், மேசை மூலையில் பந்து விழுகிற இடம்.

எழுதிவிட்டேன். எடுத்துக்கிறேன் என்று.

இது திருட்டா? என் வீட்டுப் பொருளை நானே வாங்கினால் அதற்குப் பெயர் என்ன?

ஜூன் 28, சனி

அப்பா காலையில் கணினியைத் திறந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு காபி போட்டார். எனக்கும் ஒன்று.

இடதுகை கீழே எழுதியிருந்தார்: "தூங்கியது தப்பாகப் போயிற்று. மூலைக்குழி மனம் மாறினால் அடுத்து நான்."

ஜூன் 30, திங்கள்

மூலைக்குழிக்கு நேர்கோட்டிடமிருந்து தனிச்செய்தி. "வணக்கம். எடுத்துக்கொண்டதற்கு நன்றி. அனுப்ப வேண்டிய விலாசம் சொல்லவும். கியூவைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமானால் தயங்காமல் கேட்கலாம்."

நான் இந்தப் பக்கம் அறையில். அவர் அந்தப் பக்கம் கூடத்தில். நடுவே ஒரு சுவர். சுவரில் காலியான இடம்.

விலாசம் கேட்கிறாரே, எதைக் கொடுப்பேன்? நாளைக் கடத்த வேண்டும். அதனால் கேள்வி கேட்டேன். "குறைகளை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஏன் விற்கிறீர்கள் என்று எழுதவில்லையே?"

பொத்தானை அழுத்திய பிறகுதான் தெரிந்தது, அது நாளைக் கடத்தக் கேட்ட கேள்வி இல்லை என்று.

ஜூலை 2, புதன்

பதில்: "நியாயமான கேள்வி. இது என் மனைவியின் கியூ. அவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார். விற்கச் சொன்னார், விற்கிறேன். கியூவில் மறைத்த குறை எதுவும் இல்லை."

நான் எழுதினேன்: "வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லையா?"

இரவுச் சாப்பாட்டின்போது அப்பா என் தட்டில் பாதி ஆம்லெட்டை வைத்தார். "சரியா சாப்பிட மாட்டேங்கற" என்றார். நான் குனிந்தே சாப்பிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

பதில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"மூலைக்குழி அவர்களுக்கு. இரண்டு நாளாக யோசித்து எழுதுகிறேன். அவர் ஊருக்குக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார். நான் தொழில், பழகிய இடம், தெரிந்த ஆட்கள் என்று காரணம் சொன்னேன். போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் அவர் படிப்புக்குக் குறுக்கே நின்றவன் ஆவேன். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லாதவன் இப்போது மட்டும், கியூவை விற்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? கேட்டதைச் செய்வோம், அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நினைத்தேன்.

எங்களுக்கு ஒரு மகள். பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தக் கியூவின் பிடியில் விரலை வைத்துவிட்டுப் போவாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. விற்கப் போகிறோம் என்பதை அவளிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் விளம்பரத்தை அவளையே எழுதச் சொன்னேன். அது சரியில்லை என்று அவள் எழுதியதைப் படித்த பிறகு தெரிந்தது. இதையும் குறைகளோடு சேர்த்துக்கொள்ளவும்."

படித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். "தண்ணி வீணாகுது" என்று அப்பா கூடத்திலிருந்து சொன்னார். அதட்டாமல் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

அப்பா கிளப்புக்குப் போயிருந்த நேரத்தில் அம்மாவுக்கு நானே போன் செய்தேன்.

"விளம்பரம் படிச்சேன்" என்றார் அம்மா. "ரப்பர் தேஞ்சதைக்கூட எழுதியிருக்க."

"தேஞ்சுதானே இருக்கு."

"ஆமா. நல்ல அடின்னா என்னால தட்டாம இருக்க முடியாது." கொஞ்சம் சிரித்தார். "அதுல பாதி உங்கப்பா ஆட்டத்துக்குத் தட்டினது. அதை எழுதாம விட்டுட்ட."

"எனக்குத் தெரியாதே."

"உனக்கு எப்படித் தெரியும், நீ அப்பப் பொறக்கவே இல்ல."

எங்கிருந்தோ தைரியம் வந்தது. "ஏம்மா விக்கச் சொன்னே?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி மணி ஏதோ அடித்தது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"சொல்லிப் பாத்தேன்" என்றார்.

"என்ன பாத்தே?"

"மாட்டேன்னு சொல்லுவாருன்னு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்பவும் வருது. நீ அவர் மாட்டேன்னு சொல்லுவாருன்னு காத்திருக்க, அவர் நீ கேட்டதைச் செஞ்சு குடுக்கணும்னு நிக்கறாரு, நடுவுல நான் கள்ளப் பேர்ல கணக்கு தொறந்து உட்கார்ந்திருக்கேன். ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தானே இருக்கு? ஒருத்தர் ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கறவங்க. ஒருத்தர் ஒரு நூல் வெளிச்சம் தெரியுதான்னு பாக்கறவர்.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "சரி, வச்சிடறேன்" என்றுதான் சொன்னேன். நானும் அவர்கள் பெண்தானே.

ஜூலை 9, புதன்

கிளப் மாமா வந்திருந்தார். தெரு முனையில் பில்லியர்ட்ஸ் கிளப் வைத்திருப்பவர், அப்பாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகம். வந்தால் டீ குடிக்காமல், அப்பாவைக் கலாய்க்காமல் போக மாட்டார்.

"யாருடா அந்த மூலைக்குழி? போன மாசம் பொறந்த கணக்கு. எதுவும் வாங்கினது கிடையாது, எதுவும் வித்தது கிடையாது. இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் நீ வணக்கம்கூட வைக்க மாட்டியே."

"நல்ல கேள்வியா கேக்கறாங்க" என்றார் அப்பா.

"கேள்வி கேட்டா கியூவைத் தூக்கிக் குடுத்துடுவியா? அங்க இடதுகை பாவம், நடையா நடக்கறான். உனக்கு என்ன, மரை கழண்டுடுச்சா?"

"காத்திருக்கட்டும்."

"எத்தனை நாளு?"

"விலாசம் வர்ற வரைக்கும்."

நான் மாமாவின் டீயில் இரண்டாவது முறையும் சர்க்கரை போட்டுவிட்டேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "வீடே சரியில்ல போல" என்றார்.

அதற்குப் பிறகு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா புதுக் கணக்குகளுக்குப் பதில் போடுவதில்லை. அது எனக்கும் தெரியும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் —

ஜூலை 12, சனி

காலையில் அப்பா அம்மாவின் கியூவை மேசையில் வைத்தார். இரண்டாவது ஷாஃப்டைத் திருகி உருட்டினார். நான் வழக்கம் போல முட்டி போட்டேன்.

"வெளிச்சம்?"

"அப்பா, மூலைக்குழி நான்தான்."

"வெளிச்சம் தெரியுதான்னு கேட்டேன்."

"ஒரு நூல்."

"அது எப்பவும் உள்ளதுதான்." இன்னொரு முறை உருட்டினார். "தெரியும்."

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே. புதுக் கணக்கு. அதுவும் இடதுகை காலையில சொல்றேன்னு எழுதின அன்னிக்கே முளைச்சது. விலையும் கேக்கல, எடையும் கேக்கல. கியூ வாங்கறவன் எவனாவது எடை கேக்காம வாங்குவானா?"

"அப்ப அந்தப் பதில் எல்லாம்... எனக்கா எழுதினீங்க?"

அப்பா கியூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்கறவங்க கேட்டா விக்கறவன் பதில் சொல்லணும். அதுதானே முறை" என்றார். கியூவைத் திரும்ப உருட்டிவிட்டு, "நேர்ல கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

அப்போது சொன்னேன். "நீங்க மாட்டேன்னு சொல்லுவீங்கன்னு அம்மா நெனச்சாங்களாம்."

உருண்டுகொண்டிருந்த கியூ நின்றது.

"அவளா சொன்னா?"

"ஞாயித்துக்கெழம. போன்ல."

அப்பா துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். பிறகு என் பக்கம் ஒரு பேனாவை உருட்டிவிட்டார்.

"எடுத்துக்கிறேன்னு எழுதினா எடுத்துக்கணும். பேச்சு மாறினா உன் பேரு கெட்டுடும். எங்க அனுப்பணும், விலாசம் எழுது."

குழாயின் மேல் ஒட்டுகிற தாளில் அம்மாவின் விலாசத்தை எழுதினேன். அப்பா படித்துப் பார்த்தார். ஊர்ப் பெயர் வந்த இடத்தில் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"கூரியர்ல போட்டா குலுங்கும். சுதந்திர தின லீவோட கொஞ்ச நாள் சேத்துப் போட்டு நீயே எடுத்துட்டுப் போ."

ஜூலை 14, திங்கள்

விளம்பரத்தின் தலைப்பில் அப்பா 'போயிற்று' என்று சேர்த்துவிட்டார். இடதுகை எழுதியிருந்தார்: "வருத்தம்தான். நல்ல கைக்குப் போனால் சரி."

அப்பா பதில் போட்டார்: "பழைய கைக்குத்தான் போகிறது."

ஆகஸ்ட் 9, சனி

நாளை ரயில். அப்பா கியூவைத் துணியில் சுற்றி, குழாயில் இறக்கி, ஆடாமல் இருக்க என் பழைய பள்ளிச் சட்டையை அடைத்தார். மூடுவதற்கு முன் ஒரு புதுச் சாக் கட்டியை உள்ளே போட்டார். நீலம். அம்மா பச்சையைத் தொட மாட்டார்.

"நீங்களும் வாங்களேன்."

"கூரியர் வரும்."

"கூரியர் அக்கா அடுத்த வாரமும் வருவாங்க."

"திரும்பி வரும்போது ஸ்டேஷனுக்கு வரேன்" என்றார். இப்படித்தான். கேட்டதற்குப் பக்கத்தில் இருக்கிற ஒன்றைத் தருவார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அம்மாவின் வீடு ஒரு அறையும் ஒரு சின்னச் சமையலறையும். ஒரு தலையணைதான் இருந்தது, எனக்காக இன்னொன்று வாங்கியிருந்தார், விலைத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. நாற்காலியும் ஒன்றுதான். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். மழை பார்க்க முடியாது.

குழாயைத் திறந்ததும் என் பழைய சட்டைதான் முதலில் வந்தது. அம்மா அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கியூவைப் பிடித்தபோது கட்டை விரல் தேய்ந்த இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. தேடவே இல்லை.

மாலையில் மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கிற கிளப்புக்குக் கூட்டிப்போனார். இத்தனை நாளில் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லையாம். வாசல் வழியாகத்தான் தினமும் நடப்பாராம். முதலில் தடுமாறினார். பிறகு ஒரு பந்து, இன்னொரு பந்து. எனக்குச் சுவரோரம் இருந்த பொதுக் கியூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் எத்தனையோ கியூ எழுதியிருக்கிறேன், அடித்ததில்லை. முதல் மூன்று தடவை வெள்ளைப் பந்தே அசையவில்லை. பிறகு எப்படியோ ஒரு மஞ்சள் பந்து சுற்றிச் சுற்றிப் போய் மூலைக்குழியில் விழுந்தது.

பின்னால் தட், தட் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா கியூவைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நாளை ஊருக்கு. கிளம்பி வந்த வீட்டுக்கே திரும்பப் போகிறேன், ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

ரயில் ஏறுவதற்கு எடுத்து வைக்கும்போது அம்மா குழாயை என்னிடம் நீட்டினார். லேசாக இருந்தது. உள்ளே ஒரு ஷாஃப்ட் மட்டும். நேரானது.

"அம்மா, ரெண்டையும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா யாரும் வாங்க மாட்டாங்க. விக்கவே முடியாது."

"தெரியும்."

"நேரானதை நீ வச்சுக்கோ. கோணலை நான் எடுத்துட்டுப் போறேன்."

"கோணல் எனக்குப் பழகிடுச்சு. உங்கப்பாவுக்குக் கோணல் சுவத்துல இருந்தா தூக்கம் வராது." என் பழைய சட்டையை நீவிவிட்டு என்னிடமே கொடுக்கப் போனார், பிறகு கொடுக்கவில்லை. "மத்ததை நான் கொண்டு வரேன்னு சொல்லு. எப்பன்னு கேட்டா, அம்மாகிட்டயே கேக்கச் சொன்னாங்கன்னு சொல்லு."

ஆகஸ்ட் 20, புதன்

சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன், ரயில் நிலையத்திலேயே. அப்பா குழாயை வாங்கி, எடையை உணர்ந்ததும் என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அம்மாவின் ஞாயிறு இல்லை, அன்று திங்கள்கிழமை. ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

இன்று பள்ளி விட்டு வந்தபோது அந்த ஷாஃப்ட் மேசையில் இருந்தது. அப்பா அதன் நுனியிலிருந்த பழைய டிப்பைச் சீவி எடுத்துவிட்டு — பந்தைத் தொடுகிற தோல் வில்லைக்கு டிப் என்று பெயர் — புதுசு ஒட்டிக்கொண்டிருந்தார். பசை வழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கிளப் மாமா டீயோடு பக்கத்தில் நின்று பார்த்தார். "பிடி ஒரு ஊர்ல, ஷாஃப்ட் ஒரு ஊர்ல. இதை வச்சு யாரு ஆடறது? இப்ப எதுக்குடா இதுக்குப் போய் டிப்பு?"

அப்பா ஒட்டிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். நிமிரவில்லை.

"ஒட்டினா ஒரு நாள் முழுக்கக் காயணும். வந்து நிக்கறவங்களைக் காக்க வைக்க முடியுமா?"